அலையாவே குடு

விமலன் கமலநாதனுக்குத் தர வேண்டியது எண்ணூற்று நாற்பது ரிங்கிட். பெரிய காசு இல்லை. கிள்ளானில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாமான் வாங்கினால் போய்விடுகிற காசு. அதை வைத்துக்கொண்டு கமலநாதன் ஆடிய ஆட்டம்தான் பெரிசு.

இரண்டு பேருக்கும் வேலை பூச்சோங் பக்கத்தில் ஒரு நீர்ப் பூங்காவில். முன்னே ஈயம் தோண்டிப் போட்ட குட்டை இருந்த இடம். அங்கே ஒரு பெரிய குளம் கட்டி, அடியில் மெஷின் வைத்திருந்தார்கள். மெஷின் தள்ளினால் கடலில் வருகிற மாதிரியே ஆள் உயரத்துக்கு அலை எழும்பி, இடதுபக்கச் சுவரோரம் உடைந்து, கரைவரைக்கும் உருண்டு வரும். பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவி, அலை தூக்குகிற நேரம் பார்த்து எழுந்து நின்று, அதன்மேல் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். காசு உள்ள பிள்ளைகள் கார் போட்டு வந்து ஆடுகிற ஆட்டம். கமலநாதன் அந்தக் குளத்தில் பாசி தேய்க்கிற ஆள். விமலன் பம்ப் அறையில் எடுபிடி.

வேலைக்காரர்களுக்கும் அந்த அலையில் ஏற ஒரு வழி இருந்தது. புதன்கிழமையும் சனிக்கிழமையும் காலையில், கதவு திறக்குமுன்னே, மெஷினைச் சோதனை போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு அலை வரும். சும்மா போகிற அலைதானே, யாராவது ஏறிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். கமலநாதன், விமலன், லைஃப்கார்ட் ஹஃபிஸ், இந்த மூன்று பேரும் பழைய பலகைகளை எடுத்துக்கொண்டு சுவரோரம் வரிசையாய் மிதப்பார்கள். சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் அலை. அவன் போகும்போது இன்னொருத்தன் குறுக்கே ஏறக்கூடாது. ஒரு அலைக்கு ஒரு ஆள். போனவன் திரும்பி வந்து வரிசையில் கடைசியில் சேர வேண்டும். எழுதி ஒட்டாத சட்டம் அது. ஆனால் அதை மீறினவனோடு ஒரு வாரத்துக்கு யாரும் பேசமாட்டார்கள்.

கமலநாதனுக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை இறக்கி இறக்கி முதுகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். பலகைமேல் எழுந்து நிற்க அவனுக்கு முழுசாய் ஒரு வருஷம் பிடித்தது. விழுந்ததற்கு அளவே இல்லை. மூக்கில் தண்ணீர் ஏறி, குளோரினில் கண் சிவந்து, பொண்டாட்டி "காலையிலயே தண்ணி போட்டியா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகி, அப்புறம்தான் ஒரு நாள் நின்றான். நின்ற அன்றைக்கு அவன் கிள்ளானுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிப்போன தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். ஜமீன் வாங்கினவன்கூட அப்படிப் போயிருக்கமாட்டான்.

பிறகு செந்தூலிலிருந்து விமலன் வேலைக்கு வந்தான். இருபத்தாறு வயது. பலகையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே கமலநாதன்தான். மூன்றாவது புதன்கிழமை பையன் எழுந்து நின்றுவிட்டான். நின்றதோடு விட்டானா? அலையின் முதுகில் வளைந்து போய், மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, பசார் மலாம் இரவுச் சந்தையில் பொழுதுபோக்க நடக்கிறவன் மாதிரிக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தான்.

கேன்டீனில் வேலை செய்கிற குமுதா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். கமலநாதனும் தட்டினான். தட்டுகிறபோதே அடிவயிற்றில் சுருக்கென்று ஒன்று பிடித்தது. பசி என்று நினைத்து ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டான். போகவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குத் தண்ணீரில் விமலனைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பையன் எங்கே கால் வைக்கிறான், எப்போது முட்டியை மடக்குகிறான் என்று பார்த்துப் பார்த்து, அதே மாதிரி செய்யப்போய், அதே இடத்தில் விழுந்தான். குமுதா வாய் சும்மா இருக்காது.

"கமலண்ணே, நீங்க அலைமேல ஏறுறீங்களா, அலை உங்கமேல ஏறுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். விமலனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்தது கமலநாதனுக்கு மறந்துபோனது. விமலன் சிரித்தது மட்டும் மறக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் கடன். ஒரு மழைநாளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் விமலனின் மோட்டார் சைக்கிள் ஒரு லோரிக்குப் பின்னால் போய் மோதியது. வண்டியைச் சரி பண்ண எண்ணூற்று நாற்பது ரிங்கிட். வண்டி இல்லாவிட்டால் செந்தூலிலிருந்து காலை நேரத்துக்கு வேலைக்கு வர முடியாது. தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த காசைக் கமலநாதன் கொடுத்தான். மனசாரத்தான் கொடுத்தான். அதையும் சொல்லவேண்டும்.

இரண்டு மாதம் கழித்து விமலன் இருநூறு ரிங்கிட்டை மடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இத மொதல்ல வச்சுக்கங்க. மிச்சத்த மாசா மாசம் குடுத்துடறேன்."

கமலநாதன் காசைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்தது அவனுக்கே புதுசாய் இருந்தது.

"காசு வேணாம் தம்பி. அலையாவே குடு."

"என்னண்ணே?"

"உன் முறை வரும்போது எனக்கு விட்டுக் குடு. வெளியில கஸ்டமருக்கு ஒரு அலை இருபது ரிங்கிட் கணக்கு வருது. அதே கணக்கு. உனக்கும் கையில காசு மிச்சம்."

விமலன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அண்ணன் தனக்கு உதவி செய்கிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விமலன் சுவரோரம் போய் நிற்பான். அவனுக்கு அடுத்த இடத்தில் கமலநாதன். அலை எழும்பும். விமலன் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "போங்கண்ணே" என்பான். கமலநாதன் போவான். அடுத்தது கமலநாதனின் சொந்த முறை, அதிலும் போவான். வருகிற அலையில் பாதிக்குமேல் அவனுக்கு.

ஆனால் கெட்ட நேரம், ஓசியில் வந்த அலையில் அவன் இன்னும் மோசமாய் விழுந்தான். பின்னால் விமலன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு வந்தாலே கால் வைக்கிற இடம் தப்பும். கடைசியில் மெஷினை நிறுத்தும்போது காற்றுப் போன மாதிரி ஒரு குட்டி அலை வரும், யாருக்கும் வேண்டாத அலை. விமலன் அதில் ஏறுவான். அந்த எச்சில் அலையில் அவன் போகிற அழகைப் பார்த்து குமுதா விசில் அடிப்பாள். கமலநாதன் மார்பளவுத் தண்ணீரில் நின்று, பலகையைக் காலோடு கட்டின கயிற்றை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொள்வான். கடனை வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று ஒரு நாள் தோன்றியது. விட்டால் நல்ல அலை எல்லாம் விமலனுக்குப் போய்விடுமே என்று அடுத்த நொடியே தோன்றியது.

ஹஃபிஸுக்கு இது பொறுக்கவில்லை. கிள்ளானில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவன், தமிழ் நன்றாய்ப் பேசுவான்; அண்ணனை மட்டும் மலாயில் 'அபாங்' என்பான். ஒரு சனிக்கிழமை தண்ணீருக்குள்ளேயே சண்டைக்கு வந்துவிட்டான்.

"அபாங், வரிசைன்னா வரிசை லா! தம்பிக்கு வேணாம்னா அது அடுத்த ஆளுக்கு. நீங்க போய்ட்டு, மறுபடி உங்க முறைன்னு நிக்கிறீங்க. நான் என்ன மீன் புடிக்கவா வந்தேன்?"

"இது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. நீ நடுவுல வராத."

"கணக்கு கரையில பாருங்க. தண்ணிக்குள்ள எதுக்கு?"

"நீ யார்டா எனக்குச் சொல்ல?" என்று கமலநாதன் கையால் தண்ணீரை வாரி அவன் முகத்தில் அடித்தான். ஹஃபிஸ் பலகையைத் திருப்பிக்கொண்டு அவன்மேல் பாய வந்தான். விமலன்தான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் தள்ளிவிட்டான்.

"விடு ஹஃபிஸ். வாங்கின கடன் நான்தானே குடுக்கணும்" என்றான்.

அந்தப் பெருந்தன்மையும் கமலநாதனுக்குச் சுருக்கென்று குத்தியது. இவன் எதில்தான் என்னைவிடக் குறைச்சல் என்று நினைத்தான்.

அந்த வாரமே செய்தி வந்தது. மேனேஜர் ஜெயமாலா மேடம், பிரிக்பீல்ட்ஸ்காரர், புதிதாய் ஆட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்காரர்களிலிருந்தே ஒருத்தரை எடுக்கப் போகிறாராம். சம்பளம் ஒன்றரை மடங்கு. சிவப்புச் சட்டை. பாசி தேய்க்க வேண்டாம், பம்ப் அறை சூட்டில் வேக வேண்டாம். லைஃப்கார்டுகளுக்கு அவர்கள் வேலையே இருக்கிறது. ஆக, விமலன் இல்லாவிட்டால் கமலநாதன். புதன்கிழமைச் சோதனை அலையில் மேடம் நேரில் வந்து பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை பம்ப் அறை வாசலில் விமலன் கமலநாதனை நிறுத்தினான்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் அலைய நான் எடுத்துக்கறேன். அடுத்த வாரம் சேத்துக் குடுத்துடறேன்."

"பாக்கி இன்னும் பாதிக்குமேல இருக்கே தம்பி."

"இருக்குண்ணே. காசா வேணும்னாலும் இந்த மாசச் சம்பளத்துல..."

"பேச்சுன்னா பேச்சு. கடன் வாங்குனவன் பேரம் பேசக்கூடாது."

விமலன் அவன் முகத்தையே பார்த்தான். இது உதவி இல்லை என்று அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் போய்விட்டான்.

புதன்கிழமை மேடம் காப்பிக் கோப்பையோடு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் உறுமியது. விமலன் முதல் முறையை விட்டுக் கொடுத்தான். இரண்டாவதையும் விட்டுக் கொடுத்தான். கமலநாதன் முதலில் விழுந்தான், இரண்டாவதில் தட்டுத்தடுமாறி நின்றான். கரையிலிருந்து பார்த்தால் விமலன் பயந்து பின்வாங்குகிறவன் மாதிரித்தான் தெரிந்திருக்கும். மேடம் குமுதாவிடம் ஏதோ கேட்டார். குமுதா கையை விரித்தாள்.

மூன்றாவது முறை வந்தது. நல்ல அலை. கண்ணாடி மாதிரி எழும்பி வந்தது. கமலநாதன் பலகையைத் திருப்பித் தயாராய் இருந்தான்.

"போங்கண்ணே" வரவில்லை.

விமலன் துழாவ ஆரம்பித்தான். இரண்டே வீச்சு. அலை அவனைத் தூக்கியது.

"டேய்! என்னுதுடா!" என்று கத்திக்கொண்டு கமலநாதனும் பாய்ந்தான். விமலன் எழுந்து நின்றுவிட்டான். அவன் கணுக்காலில் கட்டின கயிறு வால் மாதிரி பின்னால் நீண்டு, கமலநாதனின் கைக்கு எட்டின தூரத்தில் போனது.

கை அதைப் பிடித்தது. பிடித்தது மட்டும் இல்லை, இழுத்தது.

விமலன் முகம் குப்புறப் பலகைமேல் விழுந்தான். அலை இரண்டு பேரையும் சுருட்டிக் கரையில் போட்டது. விமலன் எழுந்தபோது தாடையிலிருந்து ரத்தம் நீலத் தண்ணீரில் சொட்டியது. ஹஃபிஸ் அந்த நேரம் பின்னால் அடுத்த அலைக்குத் திரும்பியிருந்தான். பார்க்கவில்லை. கரையில் இருந்தவர்களுக்கும் நுரைக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

"ஒரே அலையில ரெண்டு பேரா? யார் முறை இது?" என்று மேடம் எழுந்து வந்தார்.

"என் முறை மேடம்" என்றான் கமலநாதன். "தம்பி குறுக்க வந்துட்டான்."

மேடம் விமலனைப் பார்த்தார். விமலன் தாடையைக் கையால் அழுத்திக்கொண்டு கமலநாதனைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

சிவப்புச் சட்டை கமலநாதனுக்குக் கிடைத்தது. "நல்லா விழத் தெரிஞ்ச ஆள்தான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்க முடியும். விமலன் பயப்படுறான், சட்டமும் மதிக்கல" என்று மேடம் சொன்னாராம். விமலன் தாடையில் தையல் போட்டுக்கொண்டு, அந்த மாதக் கடைசியிலேயே வேலையை விட்டுவிட்டான். சுங்கை பூலோவில் ஒரு லோரிக் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று ஹஃபிஸ் சொன்னான்.

இனி வயிறு எரியாது என்று கமலநாதன் நினைத்தான். எரிந்தது. விமலன் ஏன் வாயைத் திறக்கவில்லை? திறந்திருந்தால் அவனைத் திட்டியாவது இருக்கலாம். பிள்ளைகளைப் பலகையில் ஏற்றித் தள்ளிவிடும்போதெல்லாம் அந்தப் பேசாத முகம் முன்னால் வந்து நின்றது. பேசாமல் இருப்பதிலும் அவன்தான் ஜெயித்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காசு கட்டி வந்தவர்கள் சுவரோரம் வரிசையாய் மிதந்துகொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று விசில் ஊதி ஒவ்வொருத்தராய் அனுப்புவது கமலநாதனின் வேலை. வரிசையில் புதிதாய் ஒரு ஆள் வந்து சேர்ந்தான். கையில் டிக்கெட் வளையம். தாடையில் வெள்ளைக் கோடாய்த் தழும்பு.

விமலன் துழாவி நேராய் கமலநாதன் பக்கத்தில் வந்து நின்றான். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றின நோட்டுகளை எடுத்தான்.

"எண்ணூத்தி நாப்பது. எண்ணிக்கங்க."

"குடுத்த அலையக் கழிக்கணுமே தம்பி. அப்புறம் எதுக்கு இவ்வளவு? விடு, எதுவுமே வேணாம்."

"அலையெல்லாம் உங்களுக்குச் சும்மா குடுத்ததா இருக்கட்டும். வாங்குனது காசு. காசாவே புடிங்க."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கரையில் குமுதா தட்டோடு நின்றுவிட்டாள். கமலநாதன் கை நீட்டி வாங்கிக்கொண்டான். பை ஈரமாய், கனமே இல்லாமல் இருந்தது.

"கணக்கு முடிஞ்சுதா?" என்று கேட்டான் விமலன்.

"முடிஞ்சுது."

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"முடிஞ்சுதுப்பா!"

"அன்னிக்கு என் காலு கயித்தப் புடிச்சு இழுத்தீங்க" என்றான் விமலன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் சுவரோரம் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. "கடன்காரனா இருந்துக்கிட்டு அதப் பேசக்கூடாதுன்னு இருந்தேன். இப்பப் பேசலாம்ல?"

ஹஃபிஸ் தன் உயர நாற்காலியிலிருந்து மெதுவாய் எழுந்து நின்றான்.

விமலன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வரிசையில் போய்ச் சேர்ந்து, முன்னால் இருந்தவர்கள் போனபின் சுவரோரம் வந்தான். அடியில் மெஷின் உறுமியது. தண்ணீர் பின்னுக்கு இழுத்து, அலை எழும்பியது.

"என் முறை" என்றான் விமலன், திரும்பாமலே. "ஊதுங்கண்ணே."

கமலநாதன் ஒரு கையில் காசுப் பையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விசிலை வாயில் வைத்து ஊதினான்.