சிரிப்புக்காரி ஸ்டாப்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து ஷேர் ஆட்டோவில் ஏறி, மேட்டுத் தெரு என்றேன்.

“சிரிப்புக்காரி ஸ்டாப்புல உட்டுடுறேங்க” என்றார் டிரைவர்.

“அதென்ன பேரு?”

“யாருக்குங்க தெரியும். நான் வண்டி ஓட்ட வந்ததுலேருந்து அதான் பேரு.”

வேறொரு நாளாக இருந்தால் விடாமல் குடைந்திருப்பேன். அன்று நான் தேடிப் போனது என் அம்மாவின் முகத்தை.

அம்மா அந்தோணியம்மாள் செத்தபோது எனக்கு எட்டு மாதம். கல்யாணத்துக்கு எடுத்த ஒரே போட்டோவை அப்பா சவப்பெட்டியில் அவள் கையோடு வைத்துப் புதைத்துவிட்டார். அவருக்கு அவர் பாசம் பெரிது. பிள்ளைக்கும் ஒரு முகம் வேண்டுமே என்று தோன்றவில்லை. நாற்பத்தைந்து வயதாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

போன மாதம் சாகக் கிடந்தபோதுதான் அப்பா வாயைத் திறந்தார். “ஜெசிந்தா, விழுப்புரம் மேட்டுத் தெரு ஜோதி ஸ்டூடியோவுல இன்னொரு காப்பி மாட்டி வச்சிருந்தாம்மா. என் வாட்ச்சைக் கட்டிக்கினுதான் உங்கம்மா போட்டோவுக்கு நின்னா.” அந்த வாட்ச் இப்போது என் கைப்பையில் இருந்தது.

தெருவில் ஸ்டூடியோவைக் காணோம். பஞ்சர் கடை வெங்கடாசலத்திடம் கேட்டேன். எழுபதை நெருங்கியவர்.

“சோடா கம்பெனிக்கு எதிருல.”

“சோடா கம்பெனி எங்க இருக்குது?”

“அத இடிச்சி இருவது வருஷம் ஆவுதும்மா. விறகு மண்டிக்குப் பக்கத்துல இருந்துது.”

விறகு மண்டி அதற்கும் முன்பே போய்விட்டதாம். இந்தத் தெருவில் இருப்பதை வைத்து வழி சொல்ல யாருக்கும் வராது போலிருக்கிறது.

எதிரே அவித்த மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த வெள்ளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “அவுரு பேச்சக் கேக்காதம்மா, அது இந்தப் பக்கம்” என்று எழுந்து வந்தார். இருவரும் சண்டை போட்டபடியே நடந்து, கடைசியில் ஒரு ஏடிஎம் வாசலில் ஒன்றாக நின்றார்கள்.

“இங்கதான். கடைய மூடும்போது படத்தையெல்லாம் வாரிக் குப்பையில போட்டுட்டாங்க” என்றார் வெங்கடாசலம். “சிரிப்புக்காரியும் அதோட போனா.”

அம்மா படமும் அதோடு போயிருக்கும். இருந்தும் கேட்டேன். “யாரு சிரிப்புக்காரி?”

“வாசல்ல கண்ணாடிப் பொட்டியில ஒரு கல்யாணப் பொண்ணு படம். அப்பல்லாம் போட்டோன்னா மொறைச்சிக்கினு நிப்பாங்க. இது மட்டும் பல்லு தெரிய சிரிக்கும். டவுன் பஸ் கண்டக்டருங்க ‘சிரிப்புக்காரி எறங்கு’ன்னு கூவ ஆரம்பிச்சி, ஸ்டாப்புக்கு அதுவே பேராயிடுச்சி.”

“சும்மா ஒண்ணும் சிரிக்கல. கையில பெரிய ஆம்பள வாட்ச்சு. நழுவி முழங்கைக்குப் பூடுச்சி. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு” என்றார் வெள்ளையம்மாள்.

பையிலிருந்து வாட்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என் அம்மா என்றேன்.

வெள்ளையம்மாள் என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். நானும் ஆசையோடு நின்றேன்.

“பொய் சொல்லக் கூடாது. உங்கிட்ட அந்த ஜாடை இல்லம்மா. அதுக்கு எடது பக்கம் ஒரு பல்லு தூக்கிக்கினு நிக்கும். அதான் அழகே.”

எடது பக்கம். நான் உடனே என் மகள் புனிதாவுக்கு வீடியோ கால் போட்டேன். பல்லுக்குக் கிளிப் போட வருகிற திங்கட்கிழமை டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தோம்.

“சிரிடி.”

“எதுக்கும்மா?” வழக்கம்போல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கைய எடுத்துட்டு சிரி.”

சிரித்தாள். போனை வெள்ளையம்மாள் பக்கம் திருப்பினேன். அவர் வெங்கடாசலத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வெங்கடாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அவளேதான்” என்றார்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். வாயை மூடுடி, வாயை மூடுடி என்று பத்து வருஷமாக நானே அதட்டிய பல்.