காயாத பெயிண்ட்

ஒரு மாதமாக விஜயாவுக்கு அந்த இரண்டு கதவுகளைப் பற்றித்தான் கவலை. காளிகாட் ஃபிளாட்டின் படுக்கையறையில் சுவரோடு பதித்த மர அலமாரியும் பாத்ரூமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டு கதவும் ஒரே வெள்ளை. மறதி நோய் பிடித்த அவள் கணவர் சேஷாத்ரி இரண்டு தடவை அலமாரியைத் திறந்து புடவைகளின் மேல் சிறுநீர் கழித்துவிட்டார். நியூ டவுனில் இருக்கும் மகன் கௌசிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"இன்னொரு தடவை நடந்தா அப்பாவை ஹோம்ல சேர்த்துடலாம்மா. உன்னால தனியா முடியாது."

ஹோமாம். நாற்பத்தாறு வருஷம் கூட இருந்தவள் முடியாதென்று சொன்னாளா? அலமாரிக்கு மட்டும் அடர்பச்சை அடித்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்பி, அவள் ஒரு வங்காளிப் பெயிண்டரைக் கூப்பிட்டாள்.

பெயிண்டர் மூன்று மாதிரிப் பலகைகளைக் கட்டிலில் பரப்பினார். "சாதா எனாமல் இந்த ஊர் ஈரத்துக்குப் பிசுபிசுக்கும், மாஷிமா. தண்ணி பெயிண்ட் கைப்பிடி பக்கம் சீக்கிரம் தேஞ்சிடும். பியூன்னு பாலியூரிதேன் பெயிண்ட் இருக்கு, அதை அடிச்சா துடைச்சுத் துடைச்சு பத்து வருஷம் ஓட்டலாம்."

சேஷாத்ரி எழுந்து வந்தார். கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் பெயிண்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர். காலையில் காபி குடித்தது ஞாபகமில்லாத மனிதர், மூன்று பலகையையும் நகத்தால் கீறிப் பார்த்து பியூவை எடுத்து நீட்டினார்.

"இதுதான் நிக்கும். ஆனா ஏழு நாள் காயணும். அதுவரைக்கும் எவனும் கை வைக்கப்படாது."

பியூவிலேயே பச்சை அடித்தாயிற்று. அந்த ஏழு நாளும் சேஷாத்ரி பச்சைக் கதவுப் பக்கமே போகவில்லை. நேராகப் பாத்ரூமுக்குத்தான். நிறம் மாற்றியது பலித்துவிட்டதென்று விஜயா மகனிடம் போனில் பீற்றிக்கொண்டாள்.

எட்டாம் நாள் மதியம் சேஷாத்ரி பச்சைக் கதவை விரலால் தொட்டார், முகர்ந்தார். "காஞ்சுடுத்து," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வேட்டியைத் தளர்த்தினார்.

விஜயா ஓடிவந்து அவரைத் திருப்பியதால் புடவைகள் தப்பின. அவரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து கட்டிலில் உட்காரவைத்தாள். இத்தனை நாள் அவரைத் தடுத்தது பச்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஈரப் பெயிண்டைத் தொடக்கூடாதென்ற முப்பது வருஷப் பழக்கம். இனிமேல் எதைக் காட்டி அவரைத் தடுப்பது? ஒரு அட்டையையும் பேனாவையும் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

"ஏன்னா, அந்தக் கதவு இன்னும் சரியாக் காயலை. யாரும் தொடாம இருக்க ஒரு போர்டு எழுதித் தாங்கோ."

'ஈரப் பெயிண்ட். தொடாதே' என்று இங்கிலீஷில் எழுதி, கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கதவில் ஒட்டினாள்.

மறுநாள் காலை அவர் எழுந்து நடந்தபோது, விஜயா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை பச்சைக் கதவின் கைப்பிடிவரை போய் நின்றது. அட்டையை மேலிருந்து கீழே படித்தார். கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"யாரோ விஷயம் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்," என்று சொல்லிவிட்டு, பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.