திறக்காத விலா

நான் கத்தியைத் தொடாமல் இருப்பது இவனுடைய சிறுநீரகத்துக்காகவா, என்னுடைய கர்வத்துக்காகவா?

ஆ-தாங்கின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே டாக்டர் ஷூ-யிங் இதைத் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவள் விரல்களுக்கடியில் அவனுடைய இடது விலா கொதித்தது.

கடலன்னை கோயிலைவிட்டு ஊர் ஊராக வாரக்கணக்கில் போய்வரும் ஊர்வலத்தில், அவள் பல்லக்கைச் சுமந்து போனபோது அவனுக்குக் கால் இடறி, பல்லக்குக் கழி அந்த விலாவில் இடித்திருந்தது. சிறுநீரகத்துக்குள் நீர் சேரும் பகுதி கிழிந்து, சிறுநீர் வயிற்றுக்குள் கசிந்தது. துறைத்தலைவர் லியாவ், திறந்து தைத்துவிடலாம் என்றார். திறந்தால் ரத்தம் அடங்காமல் சிறுநீரகத்தையே எடுக்க நேரலாம் என்று இவள் வாதாடினாள். சிறுநீர் வரும் பாதை வழியாகவே மேலேறி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தாள். சிறுநீர்ப்பையிலிருந்து இன்னொரு குழாய், கட்டிலுக்குக் கீழே தொங்கும் பிளாஸ்டிக் பைக்கு. நீர் தேங்காமல் கீழே வடிந்துகொண்டே இருந்தால் போதும், கிழிந்த இடத்தை உடம்பு தானே மூடிக்கொள்ளும். அப்படித்தான் வடிந்தது. வார்டில் நடக்கும்போது தன் தோள்கள் கொஞ்சம் நிமிர்ந்திருப்பதை அவளே கவனித்தாள்.

இன்று காய்ச்சல்.

“சொன்னேன்ல,” என்றார் லியாவ், வாசலில் நின்றபடி. “ஊசி நூலையெல்லாம் மியூசியத்துக்கு அனுப்பிட்டா இப்படித்தான். மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர் சொல்லிடவா?”

“ஒரு நிமிஷம், சார்.”

சிறுநீர்ப் பை கட்டிலுக்குக் கீழே அதன் கொக்கியில் இல்லை. குனிந்தாள், தரையிலும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் கடலன்னை கோயிலின் முக்கோணக் கொடி கட்டியிருந்தது. நேற்று மாலை கோயில்காரர்கள் கொண்டுவந்தது.

“பை எங்க?” என்று அவன் மனைவி மெய்-லுவானைக் கேட்டாள்.

மெய்-லுவான் போர்வையை விலக்கினாள். துண்டில் சுற்றிய பை அவன் வயிற்றின் மேல் இருந்தது. “அம்மாவோட கொடிக்குக் கீழ மூத்திரப் பை தொங்கினா நல்லாவா இருக்கும், டாக்டர்?”

“நேத்திலேருந்தா இப்படி?”

“நர்ஸ் வர்றப்ப கீழ மாட்டிடுவேன். இல்லன்னா திட்டுவாங்க.”

“கடலையே கட்டி மேய்க்கிறவங்க,” என்று ஆ-தாங் முனகினான். “இதுக்கா மூஞ்சி சுளிப்பாங்கன்னு கேட்டேன். யார் கேக்கறா?”

ஷூ-யிங் பையைக் கீழே மாட்டினாள். தேங்கி, மேலே திரும்பி, கிழிசலை அழுத்திக்கொண்டிருந்த நீர் கலங்கலாகக் குழாயில் விரைந்து இறங்கியது. கொடியை அவள் தொடவில்லை. மெய்-லுவானே அதை அவிழ்த்துத் தலைமாட்டில் கட்டினாள்.

“நாளைக் காலை வரைக்கும் பார்க்கலாம், சார்.”

“காய்ச்சல் ஏறினா நான் திறந்துடுவேன்,” என்றார் லியாவ்.

மாலையில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அடுத்த வாரம் எடுத்த ஸ்கேனில் கசிவு இல்லை. சிறுநீரகம் முழுசாக இருந்தது. லியாவ் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஒரு தையல்கூட இல்லியே,” என்றார். அது பாராட்டா புகாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவளுக்குத் தொண்டைவரை சந்தோஷம் ஏறியது. இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தாள். கர்வமாக இருந்தால் இருக்கட்டும். அதுவும் அந்தக் கட்டிலைவிட்டு நகராமல் காவல் இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும் நாள் ஆ-தாங் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையும் அதன் குழாயும் போய்விட்டன. உள்ளே வைத்த குழாய் மட்டும் இன்னும் சில வாரம் இருக்க வேண்டும்.

“நாளைக்கு அம்மா கோயிலுக்குத் திரும்பறாங்க,” என்றான். “கடைசித் தெரு மட்டும் பல்லக்கைத் தூக்கிக்கறேன் டாக்டர்.”

“முடியாது.”

“தோள் குடுக்க மாட்டேன். கழியைச் சும்மா பிடிச்சுக்குவேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “வெளிய ஒரு தழும்புகூட இல்ல. ஆஸ்பத்திரியில ஓசியில தூங்கிட்டு வந்தவன்னு பல்லக்குத் தூக்கற பசங்க சிரிக்கறானுங்க.”

அவனுடைய கர்வமும் தோளில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

“சிரிக்கட்டும்,” என்றாள்.

“ஒரே ஒரு தெரு.”

“இல்ல, ஆ-தாங்,” என்றாள் மெதுவாக. “இந்த வருஷம் இல்ல.”