மாறிப்போன விடைத்தாள்

அக்டோபரில் எங்கள் சட்டக் கல்லூரி நடத்தும் மாதிரித் தேர்வுதான் பட்டத்தை முடிவு செய்யும் தேர்வும். எழுபத்தொரு பேரில் அடியில் நிற்கும் பதினைந்து பேருக்கு அந்த ஆண்டு பட்டம் கிடையாது. பட்டமில்லாதவர் ஜனவரியில் வழக்கறிஞர் தேர்வு எழுத முடியாது. எழுதாதவர் தோற்கவும் முடியாது என்பதால் கல்லூரியின் தேர்ச்சி விகிதம் பழுதில்லாமல் செய்தித்தாளில் வரும். இதை யாரும் எங்களிடம் ஒளித்ததில்லை.

எனக்கு முப்பத்தைந்து வயது. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோப்புகள் பார்த்த வேலையை விட்டு வந்தவள். முந்தைய இரண்டு தேர்வுகளில் ஐம்பத்தைந்தாவது இடம், பிறகு ஐம்பத்தெட்டாவது. என்னோடு சேர்ந்து படித்த தாரே ஐம்பத்து மூன்று. என்னைவிட எட்டு வயது சின்னவள். வாரம் மூன்று நாள் ஒருவர் விடையை ஒருவர் திருத்துவோம்.

"முன்ஜு அக்கா, உங்க கையெழுத்தப் பாத்தா நீதிபதியே மேல்முறையீடு பண்ணுவாரு."

"உன் விடையப் பாத்தா கைதியே குத்தத்த ஒத்துக்குவான், ஆள விட்டுடுங்கன்னு."

அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

குற்றவியல் தாளில் இரண்டு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விடைத்தாள். ஒரு வினாவின் விடையை மற்றதன் தாளில் மாற்றி எழுதினால் இரண்டுக்கும் பூஜ்யம். முதல் ஆண்டிலிருந்தே சொல்லிச் சொல்லி, அது யாருக்கும் நடக்காத ஒன்று என்று நினைக்கத் தொடங்கியிருந்தோம்.

தாரே எனக்கு முன் வரிசையில், இடப்பக்கம் இருந்தாள். மணியடித்து ஐந்து நிமிடம் இருக்கும். அவள் முதல் வினாவுக்கு எழுதத் தொடங்கியிருந்தாள். தாளின் தலையில் 'இரண்டாம் வினா' என்று பெரிதாக அச்சாகியிருந்தது.

நான் கை தூக்கினால் போதும். கண்காணிப்பாளரிடம் சொன்னால் புதுத் தாள் தருவார். ஐந்து நிமிடம்தான் அவளுக்கு நட்டம். என் கை மேசை மேல் இருந்தது. இப்போது சொல்லலாம், இந்தப் பக்கம் முடியட்டும் என்று நினைத்தேன். பக்கம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. எனக்குக் கீழே ஒருத்தி கூடினால் நான் ஒரு படி மேலே. இந்தக் கணக்கு ஒரு நினைப்பாகக்கூட வரவில்லை. உடம்பில் இருந்தது. இரண்டு மணி நேரமும் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் என்ன எழுதினேன் என்று இன்றும் நினைவில்லை.

நவம்பரில் பட்டியல் வந்தது. தாரே எழுபத்தொன்று. நான் அறுபத்து மூன்று. இருவருக்குமே பட்டமில்லை.

மறுநாள் மதியம் பின்வாசல் கடையில் பயறு முளை சூப் வாங்கி எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் கண் வீங்கியிருந்தது.

"அக்காவும் இருக்கீங்கன்னு பாத்ததும், தப்புதான், கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. அடுத்த வருஷமும் பக்கத்துப் பக்கத்துல இடம் போட்டுருவோம்."

அவள் சோற்றை சூப்பில் கொட்டிக் கிளறினாள். ஆவி அடங்கியது. பிறகு சொன்னேன்.

"நான் பாத்தேன், தாரே. நீ தாள மாத்தி எழுதினத."

கரண்டி நின்றது.

"எப்ப?"

"ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல."

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. திரும்பியபோது, விடை திருத்தும்போது வரும் குரலில் பேசினாள்.

"செய்ய வேண்டியத செய்யாம விட்டதாலயே ஒருத்தர் குற்றவாளி ஆகணும்னா, முதல்ல என்ன வேணும்?"

"தாரே..."

"சொல்லுங்க அக்கா. இதுகூடத் தெரியாமயா மூணு வருஷம் படிச்சீங்க?"

"காப்பாத்தற கடமை இருக்கணும்."

"உங்களுக்கு இருந்துச்சா? நீங்க எனக்கு அம்மாவா? டாக்டரா? என்னத் தண்ணில தள்ளிவிட்டது நீங்களா?" விரல் விட்டு எண்ணினாள். "ஒண்ணும் இல்ல. குற்றமில்ல. முழு மார்க்."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மேல்கோட்டை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

பரிமாறும் பெண் வந்து தாரேயின் கிண்ணத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

"அவங்க திரும்பி வருவாங்களா? எடுத்துரலாமா?"

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.