அரசன் மறந்த வசனம்

மாட்ரிட் சலவைக்காரி பிரியாந்தா அன்று நாடகக் கொட்டகையின் பெண்கள் மாடத்துக்கு விசிலோடுதான் வந்தாள். போன வாரம் பார்த்த நாடகம் அவ்வளவு மட்டம். இன்றும் அப்படியிருந்தால் நடிகர்களை ஊதியே விரட்டிவிடுவதாகத் தோழி மரீனாவிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் அங்கத்தில் அரசனாக நடித்தவனுக்கு வசனம் மறந்துவிட்டது. வாயைத் திறந்தான், மூடினான். கீழே முற்றத்தில் நின்றிருந்த செருப்புத் தைப்பவர்கள் கூச்சலிட்டார்கள்.

"ஊதுடி, இன்னும் என்ன பாத்துக்கிட்டிருக்க?" என்றாள் மரீனா.

அதற்குள் அரசியாக நடித்த ஹுசேபா முன்னால் வந்தாள். "என்னைக் கண்டதும் மன்னருக்குப் பேச்சு வரவில்லை. அவர் மனத்தில் உள்ளதை நானே சொல்கிறேன்!" என்று குரலை ஆண்குரலாக்கி, அரசனின் வசனம் முழுவதையும் ஒரு சொல்லும் பிசகாமல் பேசினாள். பிறகு தன் குரலுக்குத் திரும்பி, அதற்கு அரசியாகப் பதிலும் சொன்னாள். ஒருத்தியின் குரலிலேயே அரசனின் செருக்கும் அரசியின் கண்ணீரும் மாறி மாறி வந்தன. அரசன் அவள் முன் மண்டியிட்டான். அது நாடகத்தில் உள்ளதுதானா என்று யாரும் கேட்கவில்லை.

பிரியாந்தா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அந்தக் கிரீடத்தக் கழட்டி அவ தலையில வைங்கடா!"

மாடமே அவளோடு சேர்ந்து கத்தியது.