சிப்பாய் இல்லாத கூட்டம்

சிப்பாயே இல்லாத கறையான் கூட்டத்தை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன், பார்த்துக் கொட்டிவிட்டேன். தலை பெருத்த சிப்பாய்க் கறையானை வைத்துத்தான் எந்த இனம் என்று சொல்வார்கள். அதனால் சிப்பாய் அகப்படாத மண்ணைக் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம்.

ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் காடு மிஞ்சியிருந்தது. அதையும் அழிக்க இயந்திரம் வந்து நின்றது.

"தோட்டத்துல இல்லாத கறையான் ஒண்ணு காட்டுங்க. கிடைச்ச இடத்தை வெட்டாம விட்டுடுறேன். இருட்டுறதுக்குள்ள" என்று தோட்ட மேலாளர் சொல்லியிருந்தார்.

ஆராய்ச்சிக்கார அக்காவும் அவர் உதவியாளான நானும் காலையிலிருந்து தோண்டினோம். தோட்டத்தில் எங்கே வெட்டினாலும் ஒரே இனம். காட்டுக்குள் விழுந்து கிடந்த கட்டையிலும் அதேதான்.

"என்ன தம்பி, புதையலா? எனக்கும் பங்கு வை" என்றார் இயந்திர ஓட்டுநர்.

"சும்மா இருங்கண்ணே."

"நான் சும்மாதான் இருக்கேன். நாளைக்கு வண்டி சும்மா இருக்காதே!"

வெளிச்சம் மங்கியது. காட்டுக்குள் ஒரு பெரிய மரத்தடியில் தோண்டிய மண்ணில் வெளிறிய பூச்சிகள். சிப்பாய் இல்லை. தட்டைக் கவிழ்த்தேன்.

"டேய், கொட்டாதே!" அக்கா ஓடிவந்தார். "இதே மாதிரி முன்னாடியும் கொட்டினியா?"

"ஆமாக்கா, காட்டுக்குள்ளயே நாலஞ்சு எடத்துல. ஒண்ணுலயும் சிப்பாய் இல்ல."

"ஒரு தடவைன்னா கண்ணுக்குத் தப்பும். ஒவ்வொரு தடவையுமா? இதுக்குச் சிப்பாயே கிடையாதுடா! மண்ணு தின்னுற வகை. வயித்தைப் பாரு, கறுப்பாத் தெரியுது."

கொட்டிய இடத்துச் சருகுக்குள் விரல்விட்டுத் துழாவினேன். தொட்டாலே நசுங்கின. மேலாளரின் ஜீப் சத்தம் நெருங்கியது. ஏழெட்டை மட்டும் உயிரோடு குப்பிக்குள் தள்ள முடிந்தது.

மேலாளர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"வேற மாதிரிதான் இருக்கு. எங்க கிடைச்சுது?"

"இந்த மரத்தடியில. மத்த எடத்துலயும் இருந்துச்சு சார்" என்றார் அக்கா.

"காட்டுங்க."

"கொட்டிட்டோம். மறுபடி தோண்டணும்."

அவர் வானத்தைப் பார்த்தார். "இருட்டிடுச்சேம்மா."

அந்த ஒரு மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இயந்திரம் கயிற்றுக்கு வெளியே இருந்த எல்லா மரங்களையும் சாய்த்தது.