துடக்கு வீட்டு லப்டொப்

வெள்ளிக்கிழமை காலை, "இந்தக் கணினியில் பரீட்சை எழுத முடியாது" என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தபோது அங்கே இருந்தவர்கள்:

அக்கா கஜானி, வயிற்றில் தையலோடு, கட்டில் ஓரத்தில்.

அவளுடைய மகள், பிறந்து இரண்டு கிழமை, இன்னும் பெயர் வைக்கவில்லை, நித்திரை.

அம்மா குணலட்சுமி, பத்தியக் கறிச் சட்டியோடு, வாசல் நிலையில் சாய்ந்தபடி.

நான், கோகுலன், வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் கிடப்பவன், லப்டொப்புக்கு முன்னால்.

தியாகராசா மாமா, அம்மாவின் அண்ணன், வேலிப் படலைக்கு வெளியே, குடையோடு. அவர் உள்ளே வரமாட்டார். எங்களுக்குத் துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு.

அத்தான் பார்த்தீபன் கட்டாரில். அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

குழந்தை பிறந்தால் முப்பத்தோராம் நாள் வரை வீட்டில் விளக்கு வைப்பதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. கோயில் காரியம் பார்ப்பவர்கள் படி ஏறுவதில்லை. உள்ளே போன சாமான் வெளியே வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பார்கள். இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீடுகள் முழுக்க இப்படித்தான். மாமா ஒழுங்கை முகப்பில் இருக்கும் வைரவர் கோயிலின் செயலாளர். அதனால் அவருக்கு எங்கள் படலைதான் எல்லை.

பரீட்சை வெளிநாட்டுக் கணக்கியல் சங்கம் ஒன்றினுடையது. அக்காவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாடம். எல்லாப் பாடங்களையும் ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த ஏழு வருடம் இந்தப் பரீட்சையோடு முடிகிறது. வருகிற செவ்வாய் எழுதாவிட்டால் முதல் பாஸ் பண்ணியவையும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். கொழும்புக்குப் போய் எழுதத் தையல் விடாது. வீட்டிலிருந்து கணினியில் எழுதலாம் என்று சங்கம் அனுமதித்திருந்தது. ஆனால் திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் அந்தக் கணினி அவர்களுடைய முன்பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் அனுமதி தானாகவே ரத்து.

அக்கா அதைப் படித்துவிட்டு அழவில்லை. "என்ன கேக்குது?" என்றாள்.

இயங்குதளத்தின் பதின்மூன்றாம் பதிப்பைக் கேட்டது. அந்த லப்டொப்புக்கு அதைச் செய்த கொம்பனி கடைசியாகக் கொடுத்தது பத்தாம் பதிப்பு. அத்தானின் தமையன் கனடாவில் வருடக்கணக்கில் பாவித்துவிட்டு, சொக்கிளேற்றுகளுக்கும் பழைய ஜக்கெற்றுகளுக்கும் நடுவில் வைத்து அனுப்பிய மக்புக் அது. 2012ஆம் ஆண்டு மாடல். மேலே ஏற்ற முடியாது என்று கொம்பனி சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது.

வேறு லப்டொப் தேடினோம். அக்கா வேலை செய்கிற கந்தோரின் லப்டொப் பூட்டுப் போட்டது, வெளி மென்பொருளை ஏற்க விடாது. அவளோடு படித்த தனுசியாவுக்கும் அதே நாள் அதே பாடம். புதிதாக வாங்க நினைத்து வைத்திருந்தது ஆஸ்பத்திரியில் கரைந்திருந்தது. மிச்சம் கோயில் லப்டொப்.

அம்மா படலையடிக்குப் போய்க் கேட்டாள். நானும் போனேன். மாமா குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"பிள்ளை, அது லண்டனிலை இருந்து உபயமா வந்தது. துடக்கு வீட்டுக்குள்ளை போய் வந்தால் மஞ்சள் தண்ணி தெளிக்காமல் நான் அதைத் திருப்பி மண்டபத்துக்குள்ளை கொண்டுபோகேலாது."

"அப்ப தெளியுங்கோவன்," என்றேன்.

"தண்ணி தெளிச்சால் அது பிறகு லப்டொப்போ?"

அந்த வாதத்தில் அவர் சரி. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மா சட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இரவிரவா வெள்ளைக்காரரோடை உதைத்தானே கதைச்சனி. இப்ப ஏதும் செய்."

ஓம், அதைத்தான் கதைத்தேன். யாழ்ப்பாணம் டவுனில் மூன்றாம் மாடி. அமெரிக்காவில் பகல், இங்கே சாமம். கணினி வேலை செய்யவில்லை என்று அழைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதித் தந்திருந்தார்கள்: உங்கள் கருவிக்கான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, புதியதை வாங்குவதே நல்லது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஒருநாள் ஒரு கிழவிக்கு அதைச் சொல்லாமல், பழைய இயந்திரத்திலேயே புதியதை எப்படி ஏற்றுவது என்று சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு அது சரிவந்தது. மேற்பார்வையாளருக்குச் சரிவரவில்லை. ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு ஊர் என்னைப் பற்றி என்ன கதைக்கிறது என்பது எனக்குத் தெரியும். இரவில் நித்திரை வருவதில்லை. பகலில் எழும்ப மனமில்லை. அவ்வளவுதான்.

"இதிலையே ஏத்தலாம்," என்றேன்.

அக்கா கேட்டாள், "வராட்டி?"

"வராட்டி பழசும் போகும். உன்ரை நோட்ஸ் எல்லாத்தையும் முதலிலை வேறை இடத்திலை எடுத்து வைப்பன்."

அவள் குழந்தையை ஒருமுறை பார்த்தாள். "செய்."

கொம்பனி கைவிட்ட இயந்திரங்களுக்குப் புதிய இயங்குதளத்தை ஏற்றுவதையே பிடிவாதமாகச் செய்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. சம்பளம் கிடையாது. அவர்கள் எழுதிய மென்பொருளை யாரும் இலவசமாக எடுக்கலாம். இயந்திரத்துக்குக் கரண்ட் வந்ததும் அது முதலில் எழும்பும். இயங்குதளம் வந்து, நீ எந்த மாடல் என்று கேட்கும்போது, ஏற்கக்கூடிய ஒரு பதிலைச் சொல்லும். பழைய திரையோடு எப்படிக் கதைப்பது என்று புதிய பதிப்பு மறந்துவிட்டதால், அந்தப் பாஷையையும் திரும்பப் புகுத்திவிடும்.

இயங்குதளம் இறங்கி முடிய சனிக்கிழமை முழுவதும் போனது. ஞாயிறு காலை பென்ட்றைவில் போட்டு ஏற்றத் தொடங்கினேன். திரை கறுத்தது, வெளுத்தது, திரும்பக் கறுத்தது. கோடு பாதியில் நின்று யோசித்தது. குழந்தை அழுதது, பால் குடித்தது, நித்திரையானது. அம்மா வந்து வந்து எட்டிப் பார்த்தாள். கோடு ஏன் ஓடுதில்லை என்று கேட்டாள். அது கழுவித் துடைத்துக்கொண்டு நிற்கிறது என்றேன். அதோடு விட்டாள்.

மத்தியானம் புதிய பதிப்பு எழும்பியது. ஆனால் சுட்டியை அசைத்தால் அம்புக்குறி பின்னால் தவழ்ந்து வந்தது. அக்காவின் முகம் விழுந்தது. எனக்கு அது தெரிந்த விஷயம். திரைக்கான பாஷையை இன்னும் புகுத்தவில்லை. புகுத்தி, நிறுத்தித் திரும்பப் போட்டேன். இப்போது அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. கனடாக்காரன் தூக்கிப் போட்ட பெட்டி கடையில் இருக்கிற புதியது மாதிரி நின்றது. சிரிப்பு வந்தது. எனக்கு அது வந்து கனகாலம்.

பென்ட்றைவைக் கழற்றிப் பார்த்தேன். பரீட்சை மேசையில் அப்படி எதுவும் செருகியிருக்கக்கூடாது. கழற்றியதும் திரையில் குறுக்குக் கோடு போட்ட வட்டம். வீதியில் 'உள்ளே போகாதே' என்று வைத்திருப்பார்களே, அதே. முதலில் எழும்புகிற மென்பொருள் பென்ட்றைவில் இருந்தது. அதை லப்டொப்பின் உள்ளேயே வைத்த பிறகு வட்டம் வரவில்லை.

திங்கள் பின்னேரம் முன்பரிசோதனை. பதிப்பு: பச்சை. இணையம்: பச்சை. ஒலிவாங்கி: பச்சை. கமரா: சிவப்பு. முகம் தெரியவில்லை என்றது.

கமராவின் படத்தைத் திறந்து பார்த்தேன். திரை முழுக்கத் தேத்தண்ணிச் சாயம். பக்கத்தில் பச்சை வெளிச்சம் எரிந்தது. அப்படியென்றால் கமராவுக்குக் கரண்ட் கிடைக்கிறது. பாஷைதான் பிழை என்று நினைத்தேன். திரும்பப் புகுத்தினேன். சாயம். அந்த மென்பொருளின் முந்திய பதிப்பை எடுத்துப் போட்டேன். சாயம். இந்த மாடலில் இப்படி நடந்தது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவரும் எழுதவில்லை. உலகத்தில் ஒருவருக்கும் வராத கோளாறு எனக்கு வந்திருந்தது. நாலு மணி தாண்டிவிட்டது. அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பால் குடித்த ஏவறை விட்டு முடிந்திருந்தது.

அம்மா தேத்தண்ணியோடு வந்தாள். "உது எதாலை பாக்கிறது?"

"உதாலைதான்," என்று திரைக்கு மேலே நடுவில் விரலை வைத்துக் காட்டினேன்.

விரலில் ஏதோ சொரசொரத்தது.

"அது நான் வைச்ச பொட்டெல்லே," என்றாள் அம்மா.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் புத்தகங்களோடு அந்த லப்டொப்பும் கும்பத்துக்கு முன்னால் போகும். அம்மா அதைத் திறந்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். வருடா வருடம், அதே இடத்தில். கறுப்புக் கண்ணாடியில் அது காய்ந்து, கறுத்து, கண்ணாடியோடு கண்ணாடியாகிவிட்டது. அத்தானோடு கதைப்பது போனில் என்பதால் அந்தக் கமரா ஒருவருக்கும் தேவைப்படவில்லை. நான் அந்தப் பொட்டை நாலைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"கமராவிலை ஏன் வைச்சனீங்கள்?"

"வேறை எங்கை வைக்கிறது? அதின்ரை நெத்தி அதுதானே."

அக்கா எழும்பினாள். குழந்தையின் தொப்புளுக்கு வைத்திருந்த பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்தாள்.

"துடக்கோடை தொடாதை," என்றாள் அம்மா. "சரசுவதிக்கு வைச்சது."

"இரண்டு கிழமையா இந்த அறைக்குள்ளைதான் கிடக்குது. அதுக்கும் துடக்குத்தான் அம்மா."

அம்மா யோசித்தாள். "முப்பத்தொண்டு கழியத் திரும்ப வைப்பன்."

"கொஞ்சம் தள்ளி வையுங்கோ," என்றேன்.

அக்கா துடைத்தாள். தேத்தண்ணி நிறம் வெடித்தது. முதலில் ஒரு காது, பிறகு ஒரு கண், பிறகு அவளே முழுசாக, கலைந்த தலையும் ஊதிய முகமுமாகத் திரையில் வந்து நின்றாள். கமரா: பச்சை. நாலும் பச்சை. கீழே ஒரு வரி வந்தது: இந்தக் கணினி தகுதியுடையது.

"வாசி," என்றாள் அக்கா. வாசித்தேன். "இன்னொருக்கா வாசி." திரும்ப வாசித்தேன். அவள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான் படலையடிக்குப் போனேன். மாமா பின்னேரப் பூசைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஏறிவிட்டது என்றேன். எது என்றார். பழசிலேயே புதுசு என்றேன். காலை நிலத்தில் குத்தி நின்று, எத்தனை மணிக்குச் சோதினை என்று கேட்டார். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை, வேறு சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார்கள் என்றேன். அவர் கோயில் பக்கம் பார்த்தார். சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

வைரவருக்குச் செவ்வாய் விசேஷம். விடிந்தால் பாட்டுப் போடுவார்கள். ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் ஒழுங்கைக் கம்பத்தில், எங்கள் யன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. செவ்வாய் காலை எழும்பிப் போய்ப் பார்த்தேன். குழாய் புகையிலைத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சத்தமும் இல்லை. ஒழுங்கை முகப்பில் மாமா கதிரை போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வந்த ஓட்டோவைக் குடையை நீட்டி மறித்து, மற்றப் பக்கத்தால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டோக்காரன் காரணம் கேட்டான்.

"என்ரை மருமகள் சோதினை எழுதுறாள். நீ பாணை அங்காலை வில்."

குழந்தை பிறந்த வீட்டுக்குச் சனம் வந்தபடியிருக்கும். துடக்கென்று எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பரீட்சைச் சங்கம் கேட்டதும் அதைத்தான்: வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது.

அறையை ஒதுக்கினேன். எழுத்துள்ள காலண்டரைக் கழற்றினேன். தொட்டிலை வெளியே தூக்கினேன். அந்தக் கதவை யாரும் பூட்டியதில்லை. சாவியை அலுமாரித் தட்டில் தேடி எடுத்து, தேங்காய் எண்ணெய் பூசி, இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குசினிக்குப் போனாள்.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முந்தி லப்டொப்பில் ஒரு பெண் குரல் வந்தது. எந்த நாட்டிலிருந்து என்று தெரியவில்லை. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. அக்கா லப்டொப்பைத் தூக்கினாள். நாலு சுவர், முகடு, மேசைக்குக் கீழ். பொட்டு இல்லாத அந்தக் கண் ஒவ்வொன்றையும் பார்த்தது. கடைசியில் என்னையும் பார்த்தது. அந்த ஆள் யார் என்று குரல் கேட்டது.

என் தம்பி, இந்தக் கணினியை ஆயத்தப்படுத்தியவன், இப்போது போய்விடுவான் என்று அக்கா இங்கிலீஷில் சொன்னாள்.

நான் அசையவில்லை. திரையின் மூலையில் பதிப்பு இலக்கத்தை இன்னொருமுறை பார்க்கவேண்டும் போல் இருந்தது.

"வயரைக் கழட்டிப் போடாதை," என்றேன். "பற்றறி பழசு."

"தெரியும். வெளியிலை போடா."

வந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தியது. எண்ணெய் பூசிய சாவி உள்ளேயிருந்து ஒரே முறையில் திரும்பியது.